ஸ்டீம் பைப்பின் வெள்ளைப் பூச்சை உடைத்துவிட்டார்கள். அப்பாவுக்கு என்ன ஆகும்?

நீங்கள் கேட்டதை எனக்குப் புரிந்தபடி முதலில் சொல்லிவிடுகிறேன். ராணிப்பேட்டைக்கும் வாலாஜாவுக்கும் நடுவில் பல வருஷம் மூடிக் கிடந்த ஒரு தோல்ஷாப்பை உங்கள் அப்பா குடோன் வைக்க வாங்கியிருக்கிறார். பாய்லர் ரூமிலிருந்து ஷெட் வரை போகும் ஸ்டீம் பைப்பின் மேல் இரண்டு விரல் கனத்துக்குக் காரை பூசிய மாதிரி வெள்ளையாக ஒரு பூச்சு, அதன் மேல் நைந்துபோன துணி. இரும்புக்காக வந்த காயலாங்கடை ஆட்கள் இரண்டு பேர் இரண்டு நாள் சம்மட்டியால் அடித்துப் பாதி பைப்பை உரித்துவிட்டார்கள். அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் நீங்கள் அரை நாள் துடைப்பத்தால் பெருக்கி, குப்பையைக் கோணிப்பையில் கட்டி மூலையில் வைத்தீர்கள். அப்புறம் பக்கத்து ஷெட்டுக்காரர் வந்து "இது ஆஸ்பெஸ்டாஸ் ஆச்சே, கேன்சர் வருமே" என்று சொன்னதிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. அப்பாவுக்கு 61 வயது, நாற்பது வருஷப் பீடிப் பழக்கம். புற்றுநோய் வருமா, எந்த டெஸ்ட் எடுக்கலாம் என்று கேட்கிறீர்கள்.

இந்த ஒரு கேள்விக்குள் மூன்று இருக்கின்றன. அது ஆஸ்பெஸ்டாஸ்தானா, சுவாசித்தாயிற்று என்றால் என்ன ஆகும், மீதி பைப்பையும் அந்த மூட்டையையும் என்ன செய்வது. மூன்றாவதைத்தான் நீங்கள் கடைசி வரியில் போகிறபோக்கில் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. இரண்டு நாள் கதை முடிந்துபோனது, மூட்டை இன்னும் அங்கேயே இருக்கிறது.

நான் மருத்துவர் இல்லை. 1978இல் இந்தப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் ஹெல்பராகச் சேர்ந்தேன். அப்போது இது எல்லாம் ஒரே வட ஆற்காடு மாவட்டம். இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு அட்டெண்டன்ட் சர்டிபிகேட் எடுத்து, பராமரிப்பு ஃபோர்மேனாகி, கடைசிப் பத்து வருஷம் பாதுகாப்புப் பிரிவில் இருந்து 2014இல் ஓய்வு பெற்றேன். நீங்கள் பெருக்கிய அந்தப் பொருளை நான் கையால் குழைத்துப் பூசியிருக்கிறேன். அதனால் பொருளைப் பற்றியும் வேலையைப் பற்றியும் தெம்பாகச் சொல்வேன். நோயைப் பற்றி, படித்ததையும் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததையும் மட்டும் சொல்கிறேன்.

சூடு வெளியே போகாமல் ஸ்டீம் பைப்புக்கு மேலே போர்த்தும் பூச்சைத்தான் லேகிங் என்போம். அதை எப்படிச் செய்வோம் என்று சொன்னால் உங்கள் பைப்பில் என்ன இருக்கிறது என்பது ஓரளவு புரியும். சாக்கில் வரும் பொடியை இரும்புச் சட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டுப் பிசைவோம். சப்பாத்தி மாவு பதம். சூடான பைப்பில் அதை அறைந்து அறைந்து ஒட்ட வைத்து, காய்ந்ததும் கோழிவலையைச் சுற்றிக் கம்பியால் இறுக்கி, மேலே இன்னொரு கை பூசி, காடாத் துணியை மைதா பசையில் தோய்த்துச் சுற்றி, அலுமினியம் பெயின்ட் அடித்தால் வேலை முடிந்தது. வளைவிலும் வால்விலும் ஆஸ்பெஸ்டாஸ் கயிறு. சாக்கைக் கொட்டும்போது கூரைக் கண்ணாடி வழியாக விழும் வெயிலில் தூசு மினுமினுவென்று மிதக்கும், பார்க்க அழகாகக்கூட இருக்கும். நைட் ஷிப்டில் காலிச் சாக்குகளை மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறோம். மெத்தென்று இருக்கும், அரிக்காது.

அந்த 'அரிக்காது' என்பதுதான் மோசம். பின்னால் கிளாஸ் ஊல் வந்தபோது எல்லோரும் அதைப் பார்த்துப் பயந்தார்கள். உடம்பெல்லாம் குத்தும், அரிக்கும். "பழைய சரக்கே தேவலாம்ப்பா" என்று ஆஸ்பெஸ்டாஸைத் தேடியவர்களை எனக்குத் தெரியும். உடம்பு சொன்னதை நம்பினோம், உடம்பு தப்பாகச் சொன்னது. கண்ணாடி இழை குறுக்கே ஒடியும், துண்டாகும், நுரையீரலில் மெல்லக் கரையும். ஆஸ்பெஸ்டாஸ் நீளவாட்டில் பிரியும். ஒரு இழையை உடைத்தால் அதே நீளத்தில் இன்னும் மெல்லிய பல இழைகள். அதுவும் தலைமுடியில் நூறில் ஒரு பங்கு தடிமன்கூட இல்லாதவை. அதனால்தான் மூக்கு, தொண்டை என்று எங்கும் சிக்காமல் நுரையீரலின் அடிவரை போய்ச் சேர்கிறது.

சரி, உங்களுடையது ஆஸ்பெஸ்டாஸா? கல்நார் என்று புத்தகத்தில் எழுதுவார்கள், பாய்லர் ரூமில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. பூமியில் கிடைக்கும் நார்க்கல் இது. வணிகத்தில் முக்கியமாக மூன்று நிறம்: வெள்ளை கிரைசோடைல், பழுப்பு அமோசைட், நீலம் குரோசிடோலைட். பழைய பைப் லேகிங்கில் உலகம் முழுக்கப் பிரபலமாக இருந்த ஒரு சரக்கின் பெயரே '85 சதவீத மேக்னீஷியா'. பெயரைக் கேட்டால் நல்ல பொருள் மாதிரி இருக்கும். பாக்கி 15 சதவீதம் ஆஸ்பெஸ்டாஸ் நார். வெள்ளையாகச் சுண்ணாம்பு போல உதிர்ந்து, உடைந்த விளிம்பில் பஞ்சு மாதிரி மயிரிழைகள் தெரிந்தால் சந்தேகம் வலுவானது. மஞ்சளாகப் பளபளத்துக் குத்தினால் கிளாஸ் ஊல். பழுப்பும் பச்சையும் கலந்த சாம்பல் நிறமாக, பாய் மாதிரி சுருட்டி மேலே அலுமினியத் தகடு இருந்தால் ராக் ஊல் ஆக இருக்கும். ஆனால் கண்ணால் பார்த்து உறுதி சொல்கிறவரை நம்பாதீர்கள், என்னையும் சேர்த்து. நெருப்பில் காட்டிப் பார்ப்பதும் வீண், எரியாத பொருள் நிறைய இருக்கிறது. போலரைஸ்டு லைட் என்ற விசேஷ ஒளியில் பார்க்கும் தனி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் தெரியும். அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் இந்தத் துறையில் பல வருஷமாக வேலை செய்கிறது. சென்னை தரமணியில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் இருக்கிறது. அங்கே கேட்டால் மாதிரியை எங்கே அனுப்பலாம் என்று வழி சொல்வார்கள்.

சோதனை முடிவு வரும் வரை என்ன செய்வது என்றால், அது ஆஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு நம் ஊரே சாட்சி. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைகள் மீது வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கு. முழு நிரூபணம் கையில் இல்லை என்பதைக் காரணம் காட்டி முன்னெச்சரிக்கையைத் தள்ளிப் போடக்கூடாது என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு அது. நாடெங்கும் சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் 'வேலூர் வழக்கு' என்றே பாடம் நடக்கிறது. உங்கள் ஷெட் மாதிரி இடங்களைப் பார்த்துப் பிறந்த கோட்பாட்டை உங்கள் ஷெட்டிலேயே பயன்படுத்துவதில் தப்பில்லை.

இப்போது உங்களைத் தூங்கவிடாத கேள்வி. சந்தேகமே இல்லாததை முதலில் சொல்கிறேன். ஆஸ்பெஸ்டாஸின் எல்லா வகையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் பிரிவில் வைத்திருக்கிறது. நுரையீரல், குரல்வளை, சூலகம், அப்புறம் நுரையீரலையும் வயிற்றையும் சுற்றியுள்ள உறையில் வரும் மீசோதீலியோமா. இது போக, புற்று இல்லாத ஆஸ்பெஸ்டோசிஸ்: நீளமான இழையை நுரையீரலின் துப்புரவு செல்கள் விழுங்கப் பார்த்து, முழுதாக விழுங்க முடியாமல் செத்து, அந்த இடத்தில் புண்ணும் தழும்பும் சேர்ந்து சேர்ந்து நுரையீரல் விறைத்துப் போவது. 1924இலேயே இங்கிலாந்தில் ஒரு ஆலைத் தொழிலாளிப் பெண்ணின் மரணத்தை வைத்து இதை மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். 1960இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னர் என்ற மருத்துவரும் கூட இருந்தவர்களும் நீல ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கப் பகுதியில் 33 மீசோதீலியோமா நோயாளிகளைக் காட்டினார்கள். அவர்களில் சிலர் சுரங்கத்தில் வேலையே பார்க்காதவர்கள், பக்கத்தில் குடியிருந்தவர்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் என்றால் நம் ஆட்களுக்குக் கூரை ஷீட்தான் ஞாபகம் வரும். ஆனால் இந்த நோய்களைப் பற்றிய அறிவில் பெரும்பகுதி எங்கள் ஜாதி ஆட்களிடமிருந்து வந்தது, அதாவது பைப்புக்கு லேகிங் கட்டியவர்களிடமிருந்து. அமெரிக்காவில் செலிகாஃப் என்ற மருத்துவர் லேகிங் தொழிலாளர் சங்கத்தின் பெயர்ப் பட்டியலை வைத்து, அமெரிக்காவிலும் கனடாவிலும் 17,800 பேரை 1967 முதல் பத்து வருஷம் பின்தொடர்ந்தார். அந்தக் காலத்தில் இறந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நுரையீரல் புற்றால் போனார். அதே ஆய்வுக் குழு 1979இல் வெளியிட்ட கணக்கு ஒன்று உங்கள் அப்பாவுக்காகவே எழுதிய மாதிரி இருக்கும். புகையும் ஆஸ்பெஸ்டாஸும் இல்லாதவருக்கு நுரையீரல் புற்றால் சாகும் வாய்ப்பு ஒரு பங்கு என்றால், ஆஸ்பெஸ்டாஸ் மட்டும் உள்ளவருக்கு சுமார் 5 பங்கு, புகை மட்டும் உள்ளவருக்கு சுமார் 11, இரண்டும் சேர்ந்தவருக்கு 50க்கும் மேல். மீசோதீலியோமா மட்டும் புகையைக் கண்டுகொள்வதில்லை. பீடி பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஒன்றுதான்.

இதைப் படித்துவிட்டு அப்பா முகத்தைப் பார்க்காதீர்கள். அந்த 5, அந்த 50 எல்லாம் வருஷக்கணக்கில் தினமும் அந்தத் தூசில் வேலை பார்த்தவர்களின் கணக்கு. இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தவருக்கு அது பொருந்தாது. இந்த நோய்கள் எல்லாமே உள்ளே போன அளவைப் பொறுத்தவை. எவ்வளவு தூசு, எத்தனை நாள், முதல் நாளிலிருந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று மூன்றும் சேர வேண்டும். ஆஸ்பெஸ்டோசிஸ் உங்கள் அப்பாவுக்கும் உங்களுக்கும் இந்த இரண்டு நாளால் வராது, அதை உறுதியாகவே சொல்லலாம். அதற்குப் பல வருஷத் தூசு வேண்டும். நுரையீரல் புற்று விஷயத்தில் நாற்பது வருஷப் பீடி ஏற்கெனவே ஏற்றி வைத்திருக்கும் பாரத்தின் மேல் இந்த இரண்டு நாள் சேர்ப்பது மிகச் சின்ன எடை. மீசோதீலியோமாவில்தான் நான் பூஜ்யம் என்ற சொல்லைப் பயன்படுத்த மாட்டேன். இதற்குக் கீழே போனால் ஆபத்தே இல்லை என்று ஒரு எல்லைக்கோட்டை யாராலும் போட முடியவில்லை. ஆனால் ஒரு முறை, இரண்டு நாள் என்றால் அந்த வாய்ப்பு மிகமிகக் குறைவு. வந்தாலும் 20 முதல் 50 வருஷம் கழித்து வருகிற நோய் அது. 61 வயதுக்காரருக்கு என்ன அர்த்தம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு 28 என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் இந்த விஷயத்தில் அப்பாவைவிட நீங்கள்தான் இனி தள்ளி நிற்க வேண்டியவர்.

நிபுணர்களுக்குள் சண்டை நடக்கும் விஷயமும் ஒன்று இருக்கிறது. வெள்ளை வகை மற்ற இரண்டைவிடச் சீக்கிரம் நுரையீரலிலிருந்து வெளியேறுகிறது, அதனால் மீசோதீலியோமா விஷயத்தில் நீலம், பழுப்பு அளவுக்குக் கொடியது இல்லை என்பது பெரும்பாலும் ஒப்புக்கொண்ட விஷயம். எவ்வளவு குறைவு என்பதில்தான் தகராறு. 'கட்டுப்பாட்டோடு பயன்படுத்தலாம்' என்று ஷீட் தொழில்காரர்கள் இதை வைத்துத்தான் வாதாடுகிறார்கள். பிரிட்டன் நீலத்தையும் பழுப்பையும் 1985இல் தடை செய்து, வெள்ளையை 1999இல் தடை செய்தது. இந்தியாவில் வெள்ளை இன்றும் இறக்குமதியாகிறது. என் கருத்தைக் கேட்டால், பழைய லேகிங்கில் எந்த வகை இருக்கிறது என்று யாருக்கும் தெரியாதபோது அந்த வாதம் உங்களுக்கு உதவாது.

டெஸ்ட். இப்போது எடுக்கும் எந்த எக்ஸ்ரேயும் இரண்டு வாரத்துக்கு முன் போன தூசைக் காட்டாது. சிடி ஸ்கேனும் காட்டாது, ரத்தப் பரிசோதனையும் காட்டாது. உள்ளே போன இழையை வெளியே எடுக்கும் மருந்தும் இல்லை. வெல்லம் சாப்பிட்டால் தூசு இறங்கும் என்று ஆலைகளில் வெல்லம் கொடுப்பார்கள். நானும் கிலோக்கணக்கில் சாப்பிட்டிருக்கிறேன், பல் கெட்டதுதான் மிச்சம். பயத்தில் சிடி எடுத்தால் கதிர்வீச்சும் செலவும்தான். அப்பாவை ஒரு நெஞ்சு நோய் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், ஆனால் வேறு காரணத்துக்காக: நாற்பது வருஷப் பீடிக்கு ஊதிப் பார்க்கும் மூச்சுச் சோதனை எப்படியும் செய்ய வேண்டியது. அங்கே ஆஸ்பெஸ்டாஸ் விஷயத்தைத் தேதியோடு சொல்லி, 'இரண்டு நாள், மூடிய அறை, காய்ந்த லேகிங் உடைத்தது' என்று ஃபைலில் எழுதச் சொல்லுங்கள். இருபது வருஷம் கழித்து எந்த மருத்துவராவது இருமலுக்குக் காரணம் தேடினால் அந்த ஒரு வரி உதவும். மருந்துச் சீட்டில் எழுத முடிகிற ஒரே வைத்தியம் பீடியை விடுவதுதான். குடியாத்தம், பேர்ணாம்பட்டு என்று வீட்டுக்கு வீடு பீடி சுற்றும் பக்கத்தில் இதைச் சொல்வது சங்கடமான காரியம். ஆனாலும் இந்தப் பயத்தைப் பிடித்துக்கொண்டு அவரைப் பீடி விடவைக்க முடிந்தால், இந்த இரண்டு நாளால் அவருக்குப் போனதைவிட வந்தது அதிகம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2016இல் வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் என் நுரையீரல் உறையில் இரண்டு பக்கமும் சுண்ணாம்புத் திட்டுகள் தெரிந்தன. பிளாக் (plaque) என்று சொல்வார்கள். அது நோய் இல்லை, புற்றாகவும் மாறாது, ஒரு காலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் உள்ளே போனதற்கான முத்திரை. ஒன்பது வருஷம் கையால் குழைத்ததற்கு எனக்குக் கிடைத்த ரசீது என்று வைத்துக்கொண்டேன். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அண்ணன் ஒருவர் ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி படிகளை ஒரே மூச்சில் ஏறுவார், காவடியோடு. ஐம்பத்தைந்து வயதில் பாதிப் படியில் உட்கார ஆரம்பித்தார். காசநோய் என்று இரண்டு முறை மருந்து சாப்பிட்டார். பீடியும் உண்டு. அது லேகிங்கால் வந்ததா, பீடியாலா, உண்மையிலேயே காசநோயா என்று கடைசிவரை யாரும் தீர்மானிக்கவில்லை. அவரை வைத்து நான் எதையும் நிரூபிக்க வரவில்லை. இந்த மாதிரி ஆட்களின் நோய் நம் ஊரில் எப்படிக் கணக்கில் வராமல் போகிறது என்பதற்காகச் சொன்னேன்.

அதனால்தான் நீங்கள் கேட்காத அந்த இரண்டு பேரை நான் கேட்கிறேன். காயலாங்கடைப் பையன்கள். உங்கள் ஷெட்டில் இரண்டு நாள், போன வாரம் மூடிய ஆலை ஒன்றில் நாலு நாள், அடுத்த வாரம் ஆம்பூரில் ஏதாவது ஒன்று. வாயில் துண்டு, காலில் செருப்பு. அவர்களுக்கு இது செலிகாஃப் கணக்குக்குள் போய்விடும் வேலை. அந்தத் துணியோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்குகிறார்கள். 1965இல் லண்டனில் மீசோதீலியோமா வந்தவர்களை விசாரித்தபோது, ஆலைப் பக்கமே போகாத, கணவரின் வேலைத்துணியைத் துவைத்த பெண்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். ஆஸ்பெஸ்டோசிஸ் அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொழில் நோய் என்று சட்டம் சொல்கிறது. 1995 ஜனவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் ஆஸ்பெஸ்டாஸ் ஆலைகள் தொழிலாளரின் உடல்நலப் பதிவை 40 வருஷம் வைத்திருக்க வேண்டும், நோய் உறுதியானால் ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடு என்றெல்லாம் உத்தரவிட்டது. காயலாங்கடைக்கு ஏது பதிவேடு? குறைந்தது அந்தக் கடைக்காரருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்லுங்கள்.

இனி மூட்டையும் மீதி பைப்பும். காலையில் முதல் வேலையாக அந்த அறையின் கதவைச் சாத்துங்கள், ஃபேன் போடாதீர்கள், துடைப்பத்தைத் தொடாதீர்கள். கோணிப்பையின் நெசவு வழியாகத் தூசு தாராளமாக வெளியே வரும். உள்ளே போகிறவர் ஒருவர் மட்டும் போகட்டும். பாதி முகத்தை மூடும் ரப்பர் மாஸ்க், இரண்டு பக்கமும் பி100 ஃபில்டர் வைத்தது, தொழிற்சாலைப் பாதுகாப்புச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். தாடி இருந்தால் மாஸ்க் முகத்தோடு ஒட்டாது, மழித்துவிடுங்கள். கைக்குட்டையும் துண்டும் ஒன்றுமே இல்லை. கொரோனா காலத்து மாஸ்க் இதற்குப் போதாது. தலையிலிருந்து கால்வரை தூக்கி எறியக்கூடிய அங்கி. சித்திரை, வைகாசி வேலூர் வெயிலில் இதைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் நிற்க முடியாது, மாஸ்க்கைத் தானாகக் கை கழற்றிவிடும். அதனால் விடியற்காலை ஐந்தரைக்குத் தொடங்கி எட்டுக்குள் முடிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் மார்கழி வரை தள்ளிப் போடலாம், மூடிய அறையில் அது எங்கும் ஓடிவிடாது.

செடிக்கு மருந்தடிக்கும் கைப்பம்பில் தண்ணீர் விட்டு அதில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்துகொள்ளுங்கள். வெறும் தண்ணீர் மேலோடு வழிந்துவிடும், சோப்பு கலந்தால் உள்ளே ஊறும். பீய்ச்சி அடிக்காமல் பனி மாதிரி தெளிக்க வேண்டும். கோணிப்பையை அவிழ்க்காமல் அப்படியே நனைத்து, கனமான பாலிதீன் பையில் போட்டுக் கழுத்தைத் திருகி டேப் ஒட்டி, அதை இன்னொரு பாலிதீன் பையில் போட்டு மறுபடியும் ஒட்டுங்கள். மேலே தமிழில் பெரிதாக 'ஆஸ்பெஸ்டாஸ் – பிரிக்காதே' என்று எழுதுங்கள். தரையையும் ஜன்னல் விளிம்பையும் ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியும் பைக்குள். வீட்டு வேக்குவம் கிளீனர் வேண்டவே வேண்டாம், முன்பக்கம் உறிஞ்சிப் பின்பக்கம் மெல்லிய இழையாக ஊதிவிடும். அன்றைக்குப் பெருக்கியபோது நீங்கள் போட்டிருந்த சட்டை இன்னும் துவைக்காமல் இருந்தால் அதையும் நனைத்து அதே பையில் போட்டுவிடுங்கள். துவைத்தாயிற்று என்றால் விடுங்கள், அதை நினைத்து மருக வேண்டாம்.

பைப்பைப் பற்றி என் யோசனை வேறு: அதை இடிக்கத்தான் வேண்டுமா? உடையாமல் இருக்கும் லேகிங் தூசு விடாது. அறுந்த முனைகளை நனைத்து, ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து நன்றாகப் பூசி, காடாத் துணி சுற்றி மறுபடியும் பூசி, பெயின்ட் அடித்துவிட்டால் பல வருஷம் சும்மா நிற்கும். ஆட்கள் புழங்கும், மூட்டை இடிக்கும் உயரத்தில் இருந்தால் மட்டும் எடுப்பதைப் பற்றி யோசிக்கலாம். எடுப்பதானால் லேகிங்கை உரிக்கவே கூடாது. பைப்போடு சேர்த்து பாலிதீனில் சுற்றி, இரண்டு பைப்பைப் போல்ட் போட்டுச் சேர்க்கும் வளையமான ஃபிளாஞ்ச் இருக்கும் இடத்தில் மட்டும் நனைத்துத் திறந்து போல்ட்டைக் கழற்றி, நீளம் நீளமாக முழுதாக இறக்க வேண்டும். கேஸ் கட்டிங் கூடாது, பாலிதீன் உருகும், அனலில் தூசு மேலே கிளம்பும். அந்த இரும்புக்கு வரும் காசை மறந்துவிடுங்கள். பாய்லர் உடம்பிலேயே கதவைச் சுற்றியும் மேன்ஹோலிலும் ஆஸ்பெஸ்டாஸ் கயிறு இருக்கும், ஃபிளாஞ்சுக்கு நடுவே உள்ள பழைய கேஸ்கெட்டும் அதே ஜாதிதான்.

பைகளைப் பாலாற்றிலோ ஏரிக்கரையிலோ மனைக்கு மண் நிரப்பும் இடத்திலோ கொட்டிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். ராணிப்பேட்டையில் குரோமியக் கழிவை அப்படியே விட்டதன் பலனை நாம் தண்ணீரின் மஞ்சள் நிறத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதற்காவது நிறம் இருக்கிறது. இது அபாயகரமான கழிவு என்று 2016ஆம் வருஷ விதிகளின் பட்டியலில் வருகிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுத்தில் கடிதம் கொடுத்து, கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயக் கழிவு நிலத்துக்கு அனுப்ப வழி கேளுங்கள். சின்ன அளவு என்று அலைய வைக்கலாம். அலைகிற வரைக்கும் இரட்டைப் பையில், பூட்டிய அறையில் இருந்தால் அது யாரையும் ஒன்றும் செய்யாது.

கூரை ஷீட்டைப் பற்றியும் கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அதில் நார் சிமெண்டோடு இறுகிக் கிடக்கிறது, லேகிங் மாதிரி உதிராது. துளை போடாமல், வெட்டாமல், கம்பிப் பிரஷால் தேய்க்காமல் இருந்தால் அவசரமில்லை. முதலில் பாய்லர் ரூமைப் பாருங்கள். பாய்லரின் முன்பக்கம் தயாரித்த வருஷம் போட்ட பித்தளை பிளேட் ஒன்று இருக்கும். அதைப் போட்டோ எடுத்துப் போடுங்கள், லேகிங் எந்தக் காலத்தது என்று கொஞ்சம் நெருக்கமாகச் சொல்லிப் பார்க்கிறேன். பிளேட் மேல் தூசு படிந்திருக்கும், ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.